கஸ்டமர் எடை

பூகோள டீச்சர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். ஆறு பெண்களைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நிற்க வைத்து, அவரவர் எடையைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். அதுவும் பையன்களின் கால்பந்து அணி விளையாடி முடித்து, எதிரிலிருந்த குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில்.

கயிறு இழுக்கும் அணிக்கு அவர் பயிற்சியாளரானதே ஒரு விபத்து. விளையாட்டு டீச்சர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். அந்த வேலையை யார் தலையில் கட்டுவது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்த அன்று பூகோள டீச்சர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரால் மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல அவர். போட்டியின் விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

"ஆறு பேர் எடையும் சேர்ந்து முந்நூத்தி அறுபது கிலோவுக்கு மேல போகக் கூடாது. ஒவ்வொருத்தரா சொல்லுங்க. கூட்டிப் பார்த்துடுவோம்" என்றார், கைப்பேசியில் கணக்குப் போடத் தயாராக.

ஆறு பேரும் குழாயடியைப் பார்த்தார்கள். அங்கே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று குறைந்த மாதிரி இருந்தது.

"அறுபத்திரெண்டு" என்றாள் கேப்டன், தள்ளுபடி விலை சொல்கிற கடைக்காரி போல.

இரட்டையரில் மூத்தவள் ஐம்பத்தேழு என்றாள். "எனக்கும் அதேதான் டீச்சர்" என்றாள் இளையவள். அம்மா வயிற்றிலிருந்தே எல்லாவற்றையும் பங்கு போட்டுப் பழகியவர்கள்.

"ஐம்பத்தெட்டு. எங்க அப்பா டாக்டர்" என்றாள் டாக்டர் மகள். அப்பா கண் டாக்டர் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்தவள் குச்சி. வகுப்பிலேயே உயரமானவள். விட்டத்தில் ஒட்டடை அடிக்க ஏணி தேடாதே, குச்சியைக் கூப்பிடு என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் தேய்ந்துபோன நகைச்சுவை. "எனக்கும் ஐம்பத்தெட்டு இருக்கும் டீச்சர். போன வருஷம் பார்த்தது" என்றாள். அவள் ஒருத்திதான் குழாயடியைப் பார்க்காமல் சொன்னாள்.

மிச்சம் இருந்தது பீரோ. ஆறாம் வகுப்பில் ஒருநாள் வாசலை மறைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, கணக்கு வாத்தியார் "அந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்துங்கப்பா" என்று சொல்லப்போக, அன்றே அவளுடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து போயிற்று. வாத்தியார் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டார். பீரோ இங்கேயே இருந்தது.

"எழுபத்திரெண்டு" என்றாள் பீரோ.

குழாயடியில் ஒருவன் வாயில் வைத்த தண்ணீரை விழுங்க மறந்தான். அவள் பொய் சொல்லாததற்கு நேர்மை காரணமில்லை. தன் விஷயத்தில் எந்தப் பொய்யும் எடுபடாது என்பது அவள் எண்ணம். ஐம்பத்தெட்டு என்று சொல்ல, பார்க்கிறவர் நம்பும்படியான ஓர் உடம்பாவது வேண்டாமா?

"முந்நூத்தி அறுபத்தி நாலு" என்றார் டீச்சர். "நாலு கிலோ இடிக்குது."

யாரும் யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் பீரோவைப் பார்த்தார்கள்.

"ஆளுக்கு முக்கால் கிலோ குறைச்சா சரியா வந்துடும்" என்றாள் பீரோ.

"எங்ககிட்ட எங்கடி இருக்கு குறைக்கறதுக்கு?" என்றாள் கேப்டன். உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்பவள் போல வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. "போட்டிக்கு இன்னும் நாள் இருக்கு. முயற்சி பண்ணு. முடியலைன்னா ஒண்ணும் மோசமில்ல, உன் இடத்துல ஸ்பேரை நிறுத்திக்கலாம்" என்றார்.

ஸ்பேர் என்பவள் அணியின் ஏழாவது ஆள். ஒன்பதாம் வகுப்பு. பலமாகக் காற்றடித்தால் புத்தகப் பையைக் கழற்றமாட்டாள். அவளைக் கயிற்றின் கடைசியில் நிறுத்துவதும், துணி காயப்போடுவதும் ஒன்றுதான். அவளுக்கே அது தெரியும். "எனக்கு வேண்டாங்க்கா" என்று பீரோவின் காதோடு சொன்னாள்.

கயிற்றின் கடைசி இடம் பீரோவுக்கு என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. மற்ற ஐந்து பேரும் கயிற்றைக் கையால் பிடிப்பவர்கள். கடைசி ஆள் மட்டும்தான் அதை உடம்பில் வாங்க வேண்டும். அக்குளுக்குக் கீழே கொடுத்து, முதுகில் குறுக்கே கொண்டுபோய், மறுதோள் வழியாக முன்னால் இறக்கி, இரண்டு குதிகாலையும் மண்ணில் புதைத்துப் பின்னால் சாய்ந்துவிட வேண்டும். பிறகு உலகம் இழுக்கட்டும். பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஓரமாக ஒடுங்குவது, குழுப் புகைப்படத்தில் பின்வரிசைக்குப் போவது, துணிக்கடையில் "உங்க சைஸ் உள்ளே இருக்கும்மா" என்று கடைக்காரர் சொல்லக் கேட்டுக்கொள்வது என எல்லா இடத்திலும் உடம்பைச் சுருட்டி மடக்கி வைத்திருந்தவளுக்கு, அதை முழுசாக விரித்துப் போடக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். அங்கே மட்டும் "இன்னும் கொஞ்சம் இருந்தா தேவலை" என்று அவளைப் பார்த்துச் சொல்வார்கள். நாலு கிலோவுக்காக அதைக் கொடுத்துவிட்டு வர அவளுக்கு மனசில்லை.

பீரோவின் அம்மா லாண்டரி வைத்திருந்தாள். தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் மேசை, மேசைக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஓர் எடை மெஷின். அழுக்குத் துணியை மூட்டையாகக் கொண்டு வருவார்கள். மூட்டையை மெஷின் மேல் வைத்தால் சிவப்பு எழுத்தில் கிலோ தெரியும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. உள்ளே துவைக்கிற மெஷின்கள் வரிசையாக உருண்டுகொண்டிருக்கும். அதற்கும் உள்ளே உலர்த்துகிற மெஷின்கள். கடைக்கோடியில் இஸ்திரி மேசை, அதன் பின்னால் சித்தி.

சித்தி அம்மாவுக்குத் தங்கை. எந்நேரமும் நீராவிக்கு நடுவில் நிற்பதால் அவள் சொல்வதெல்லாம் மேகத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பீரோ பள்ளியிலிருந்து வந்து நுழைந்தாலே மேகம் பேசும்.

"கொஞ்சம் உடம்பு போட்டிருக்கியேடி."

"நேத்துதானே சித்தி பார்த்தீங்க."

"நேத்தும் போட்டுத்தான் இருந்தே. நான்தான் சொல்லல."

வாசலில் இருந்த அதுதான் பீரோவுக்குத் தெரிந்த ஒரே எடை மெஷின். எட்டாம் வகுப்பிலிருந்து, கடையில் ஆள் இல்லாத சமயமாகப் பார்த்து அதில் ஏறி நிற்பாள். எண் ஒவ்வொரு முறையும் அவளைவிட ஒரு படி முன்னால் போய் நின்றது. அந்த எண்ணை அவள் உடம்பில் பங்கு பிரித்து வைத்திருந்தாள். கன்னத்தில் இவ்வளவு, மேல்கையில் இவ்வளவு, இடுப்பில் மிச்சம். கண்ணாடி முன்னால் நின்றால் ஒவ்வொரு கிலோவும் எங்கே குடியிருக்கிறது என்று அவளால் விலாசம் சொல்ல முடியும்.

இப்போது அதில் நாலு கிலோவைக் காலி செய்ய வேண்டும்.

முதலில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினாள். டப்பாவை இரட்டையரிடம் கொடுத்தாள். அவர்கள் "பாவம்டி நீ" என்று சொல்லிக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள். பிறகு காலைச் சாப்பாடு போயிற்று. வகுப்பில் பாடம் நடக்கும்போது வயிறு குரல் கொடுத்தது. முதல் பெஞ்சில் இருந்தவர்கள் கைப்பேசி அதிர்வதாக நினைத்துத் தங்கள் பைகளைத் தடவினார்கள். இணையத்தில் யாரோ ஒரு பெண்மணி வெந்நீரைக் குடித்தே பாதியாகக் குறைந்ததாகச் சொன்னாள். பீரோவும் குடித்தாள். அடிக்கடி வகுப்பைவிட்டு வெளியே போக வேண்டியிருந்ததுதான் கண்ட பலன். ஒரு வாரம் உயிரைக் கொடுத்த பிறகு மெஷின் அரைக் கிலோ இரக்கம் காட்டியது.

அப்போதுதான் குத்துச்சண்டைக்காரர்கள் எடை பார்ப்பதற்கு முன்னால் வியர்வையாகவே கிலோக்கணக்கில் வெளியேற்றுவார்கள் என்று எங்கோ படித்தாள். வியர்க்க இதைவிட நல்ல இடம் உண்டா? ஒரு சனிக்கிழமை மதியம் சித்தி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பீரோ உள்ளறைக்குப் போனாள். துவைத்துத் தொங்கவிட்டிருந்த குளிர்காலக் கோட்டுகளில் மூன்றை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். கழுத்தில் யாரோ ஒருவரின் கம்பளித் துண்டு. உலர்த்துகிற மெஷின்கள் இரண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் போர்வைகள் தொம்மு தொம்மென்று உருண்டன. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நாலு கிலோவும் வரிசையில் நின்று விடைபெறுவதாக அவளுக்குத் தோன்றியது. பிறகு எதுவும் தோன்றவில்லை.

கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். முகத்தில் தண்ணீர். அம்மா கோட்டுப் பொத்தான்களைப் பிய்க்காத குறையாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டேன்னு நினைச்சேன்டி. அதுவும் நம்ம கஸ்டமர் வக்கீலோட கோட்டைப் போட்டுக்கிட்டு" என்றாள் அம்மா.  பயத்தை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "திங்கக்கிழமை வந்து கேட்பாருடி அந்த ஆளு. எம் பொண்ணு இதுல மயக்கம் போட்டா சார்னு சொல்லட்டுமா?"

சித்தி எங்கிருந்தோ சர்க்கரை கலந்த பாலும் பிஸ்கட் பொட்டலமும் கொண்டுவந்தாள். பீரோ பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிடுடி."

"மாட்டேன். இன்னும் மூணரை கிலோ இருக்கு."

விஷயம் முழுவதையும் அம்மா பிடுங்கி எடுத்தாள். கயிறு, முந்நூற்று அறுபது, ஸ்பேர், கடைசி இடம். எழுபத்திரண்டு என்ற எண் வந்ததும் அம்மா நிமிர்ந்தாள்.

"எழுபத்திரெண்டா? யார் சொன்னது?"

"நம்ம மெஷின்தான்."

"எந்த மெஷின்?"

"வாசல்ல இருக்கிற மெஷின்மா. வேற எது இருக்கு?"

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி இஸ்திரி மேசையில் சுருக்கமே இல்லாத ஒரு சட்டையை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அதுலயாடி ஏறிப் பார்த்தே?" என்றாள் அம்மா.

"எட்டாவதுலேர்ந்து அதுலதான் பார்க்கிறேன்."

  அம்மா எழுந்து போய், தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது கொஞ்சம் கூடக் காட்டும்" என்றாள்.

"எவ்வளவு கூட?"

"கொஞ்சம்."

"அக்கா, சொல்றதைச் சரியா சொல்லு. பத்து கிலோ வெச்சா பதினொண்ணு காட்டும்" என்றது மேகம்.

"நீ சும்மா இருடி." அம்மா மகளைப் பார்க்காமல் பேசினாள். "ஊர்ல எல்லா லாண்டரியும் அப்படித்தான். சோப்பு விலை ஏறிடுச்சு, கரன்ட் ஏறிடுச்சு. கூலியை ஏத்தினா அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. அதனால மெஷினைக் கொஞ்சம்... மெக்கானிக்தான் பண்ணிக் கொடுத்தான். துணிக்குத் தெரியவா போகுது?"

"எனக்கு?"

"உன்னை யாருடி அதுல ஏறச் சொன்னது? அது கஸ்டமர் எடைடி. வீட்டு எடை இல்ல."

பீரோ சித்தி பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"நானும்தான் ஏறிப் பார்ப்பேன். கழிச்சுக்குவேன்" என்றாள் சித்தி.

"அப்புறம் ஏன் தினமும் போட்டிருக்கே போட்டிருக்கேன்னு சொன்னீங்க?"

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுடி. நல்லா இருக்கியான்னு கேட்கிற மாதிரி."

பீரோ தரையில் உட்கார்ந்தபடியே மனக்கணக்குப் போட்டாள். எழுபத்திரண்டு என்று காட்டினால் உள்ளபடிக்கு அறுபத்தைந்தரை. ஆறரை கிலோ இல்லவே இல்லாத கிலோ. மூன்று வருஷமாக அவள் அதைச் சுமந்திருக்கிறாள். பேருந்தில் அதற்கும் சேர்த்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அணியின் கூட்டுத்தொகையில் ஆறரையைக் கழித்தால் முந்நூற்று ஐம்பத்தேழரை. இடமும் இருக்கிறது, இரண்டரை கிலோ மிச்சமும் இருக்கிறது.

அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். முழுப் பொட்டலத்தையும் தின்று முடிக்கும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

"மெக்கானிக்கை அடுத்த வாரம் வரச் சொல்றேன்" என்றாள் அம்மா, அடுத்த வாரம் என்பது எப்போதும் அடுத்த வாரமாகவே இருக்கும் என்கிற குரலில்.

"நாளைக்கு வரச் சொல்லும்மா. இல்லைன்னா கஸ்டமர் வரும்போதெல்லாம் நான் ஏறி நின்னு, ஆறரை கிலோ கூடக் காட்டுதுன்னு சொல்லுவேன்."

மெக்கானிக் மறுநாளே வந்தான்.

மயங்கி விழுந்த அன்று வீட்டுக்குப் போனதும் பீரோ அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். ஆறரை கிலோ போயிருக்கிறதே, எங்கிருந்து என்று தேடினாள். கன்னம் இருந்த இடத்தில் இருந்தது. மேல்கையும் அசையவில்லை. எண் மாறிவிட்டது என்று கண்ணாடிக்கு யாரும் சொல்லவில்லை போலும். பழைய ஆள்தான் உள்ளேயிருந்து அவளைப் பார்த்தாள். இவ்வளவு நாள் பார்த்தது எதை என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பசி அதைவிடப் பெரிதாக இருந்ததால் சாப்பிடப் போனாள்.

போட்டி வேறொரு பள்ளியின் மைதானத்தில். விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறையில் எடை பார்த்தார்கள். ஓட்டைக் கூடைப்பந்துகளுக்கும் துருப்பிடித்த தடை தாண்டும் சட்டங்களுக்கும் நடுவில் ஒரு மெஷின். பக்கத்தில் கழுத்தில் விசிலோடு நடுவர். தொண்டை கட்டிப்போன மனுஷன், ஆனாலும் எண்ணைச் சத்தமாகத்தான் படித்தார். கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதவும் செய்தார். ஒளித்து மறைக்க வழியே இல்லை.

பீரோ நிம்மதியாக இருந்தாள். அந்த அறையில் அவள் ஒருத்திதான் நிம்மதியாக இருந்தாள். மற்றவர்கள் மெஷினை விட்டு விலகி விலகி நின்றது ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

கேப்டன் ஏறினாள். "அறுபத்தி நாலு."

"ஷூ" என்றாள் கேப்டன். "கழட்டிட்டுத்தாம்மா ஏறியிருக்கே" என்றார் நடுவர்.

இரட்டையரில் மூத்தவள் ஐம்பத்தொன்பது. இளையவள் அறுபத்திரண்டு. அக்கா தங்கையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரே கருவில் இருந்தவளைப் பார்க்கிற பார்வை அல்ல அது.

"பீரோவோட சாப்பாட்டை யாருடி அதிகமா தின்னது?" என்றாள் அக்கா.

டாக்டர் மகள் அறுபத்தொன்று. அவள் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

குச்சி ஏறினாள். நடுவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அறுபத்தி ஏழு."

"யாரு, நானா?" என்றாள் குச்சி.

"நீதாம்மா மேல நிக்கிறே."

"சரியா பாருங்க சார்."

"சரியாத்தான் இருக்கு. நீ இருக்கிற உயரத்துக்கு இது இருக்கத்தானே செய்யும்?"

கடைசியாக பீரோ. "அறுபத்தஞ்சு" என்று படித்தார் நடுவர்.  கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தாள், யாரோ திருடிக்கொண்டு போனதைத் தேடுகிற மாதிரி.

டீச்சர் கரும்பலகையில் இருந்த எண்களைக் கூட்டினார். முந்நூற்று எழுபத்தெட்டு. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நாலு கிலோன்னுதானே சொன்னீங்க. பதினெட்டு கிலோ எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.  குழாயடியில் நின்ற பையன்களைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை.

"ஒரு ஆளை மாத்தலாம். மாத்தி, உடனே எடை காட்டணும்" என்றார் நடுவர்.

ஸ்பேரை ஏற்றிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு. அவள் ஒருத்திதான் எடையைக் குறைத்துச் சொல்லாதவள், அவளிடம் யாரும் கேட்காததால்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். பிறகு, பழக்க தோஷத்தில், அவர் கண் போன இடம் அதேதான். "பீரோ, தப்பா நினைக்காதேம்மா. நீ கொஞ்சம்..."

கேப்டனும் திரும்பினாள். இரட்டையரும் திரும்பினார்கள். கரும்பலகையில் எண்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. அதைப் பார்த்த பிறகும் அவர்கள் கண்ணுக்கு பீரோதான் தெரிந்தாள். அவளே ஒரு கணம் ஒதுங்கிக்கொள்ள ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள். கால் தானாகப் போயிற்று. பிறகு நின்றாள்.

"டீச்சர், என்னை எடுத்துட்டு ஸ்பேரைப் போட்டா முந்நூத்தி அறுபத்தி ஒண்ணு வரும். அப்பவும் ஒரு கிலோ இடிக்கும்."

டீச்சர் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார். வந்தது.

"குச்சியை எடுத்தா முந்நூத்தி ஐம்பத்தொன்பது" என்றாள் பீரோ. "சரியா இருக்கும்."

சொன்ன பிறகு அவளுக்குக் குச்சியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லார் கண்ணும் தன் மேல் விழும்போது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அதை எடுத்து இன்னொருத்தி மேல் போட்டிருக்கிறாள்.

குச்சி அழவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் போய், தன் எண்ணுக்கு நேராக நின்றாள்.

"யாராவது ஒரு ஃபோட்டோ எடுங்கடி" என்றாள். "எங்க வீட்ல காட்டணும். எனக்கு உடம்பே ஏறலைன்னு எங்கம்மா வாங்காத டானிக் இல்ல. முழுக்கைச் சட்டையில்லாம நான் வெளியே போய் எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எடை ஜாஸ்தின்னு என்னை டீம்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னு சொன்னா அவங்க நம்பவே மாட்டாங்க."

"உனக்கு வருத்தமா இல்லையாடி?" என்றாள் பீரோ.

"இருக்கு. இழுக்கணும்னு ஆசையாத்தான் வந்தேன். ஆனா அறுபத்தி ஏழுடி." குச்சி குனிந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எங்கடி இருக்கு அவ்வளவும்?"

 பீரோ கண்ணாடி முன்னால் தேடித் தோற்றதும் அதைத்தான்.

மைதானத்தில் இறங்கிய பிறகுதான் பீரோவுக்குப் புதுக் கவலை பிடித்தது. எதிரணியின் கடைசி ஆள் மதில் சுவர் மாதிரி இருந்தாள். இவ்வளவு நாள் பயிற்சியில் எதிரே இழுத்தவர்களையெல்லாம் தான் நிறுத்தி வைத்தது எழுபத்திரண்டு கிலோவை நம்பித்தான். இப்போது இருப்பது அறுபத்தைந்து. ஏழு கிலோ குறைச்சலாக வைத்துக்கொண்டு அந்தச் சுவரை எப்படி இழுப்பது? அந்த வெந்நீரையெல்லாம் குடிக்காமலாவது இருந்திருக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று அவளே நினைத்தாள்.

கயிற்றை அக்குளில் வாங்கி, முதுகில் குறுக்கே கொண்டுபோய்த் தோளில் இறக்கினாள். அவளுக்கு முன்னால் ஸ்பேர். அவளுடைய கழுத்து பின்னாலிருந்து பார்க்கப் பென்சில் மாதிரி இருந்தது.

"அக்கா, நான் பறந்துட்டா பிடிச்சுக்குங்க."

"கயித்தைப் பிடி. என்னைப் பார்க்காதே."

விசில் ஊதிற்று. கயிறு முதுகில் அறைந்தது. பீரோ குதிகாலை மண்ணில் இறக்கி, பின்னால் சாய்ந்தாள். தோள், முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் ஒரே கட்டையாகச் சேர்ந்து நின்றன. எது எத்தனை கிலோ என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. டீச்சர் ஓரமாகக் கூடவே நடந்தபடி, பெயர்களை மறந்து, "கிழக்கே சாயுங்க, கிழக்கே" என்று கத்தினார். ஆறு பேரும் சேர்ந்து அவரிடம் கற்ற பூகோளத்தின் மொத்தப் பயனும் அன்றுதான் வெளிப்பட்டது. மதில் சுவர் முதலில் ஒரு ஜாண் அசைந்தது. பிறகு ஒரு முழம். அதன் பிறகு மொத்தமாக வந்தது.

முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் தோற்றார்கள். அதில் ஸ்பேர் உண்மையாகவே கொஞ்ச தூரம் பறந்தாள். கேப்டன் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருத்தியாகக் கையை விட்ட பிறகும் கயிறு எல்லைக் கோட்டைத் தாண்டாமல் கொஞ்ச நேரம் நின்றது. அதன் மறுமுனையில் ஆறு பேர் இருந்தார்கள், இந்த முனையில் பீரோ மட்டும். நடுவரே விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றார். பிறகு அவளும் மண்ணோடு சேர்ந்து இழுபட்டுப் போனாள்.

எல்லாம் முடிந்து, மூன்றாம் பரிசுக்கான பிளாஸ்டிக் கோப்பையை பீரோவிடம் கொடுத்துவிட்டு, அதை யார் வீட்டில் வைப்பது என்று கேப்டனும் டாக்டர் மகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மைதானம் பார்த்துக்கொள்கிற ஆள் மண்வெட்டியோடு வந்தார். தரையில் ஒரு குழி. இரண்டு குதிகால் அகலம், முழங்கை ஆழம். அதிலிருந்து இரண்டு சால் கோடு, ஏர் ஓட்டிய மாதிரி.

"யார் பண்ண வேலை இது? திங்கக்கிழமை இங்கே பசங்க ஓடணும். எவனாவது கால் மடங்கி விழுந்தா என் வேலை போகும்."

பெண்கள் சண்டையை நிறுத்தினார்கள்.

"நான்தான்" என்றாள் பீரோ.

அவர் அவளை உச்சந்தலையிலிருந்து பார்த்துக்கொண்டே கீழே வந்தார். குழியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"விளையாடாதேம்மா. உன் உடம்புக்கு இவ்வளவு பெரிய பள்ளமா விழும்? நல்லா கனமா ஒரு பொண்ணு இருந்திருப்பாளே, அவளைக் கூப்பிடு."

பீரோவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவளை இப்படி அவமானப்படுத்தியதில்லை. கோப்பையை ஸ்பேர் கையில் திணித்துவிட்டு வந்து, குழிக்குள் இறங்கி, இரண்டு குதிகாலையும் அதில் வைத்து நின்றாள்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

கச்சிதமாகப் பொருந்தியது. அவர் மண்வெட்டியை அவளிடம் நீட்டினார்.